பக்கத்தில் இருப்பது பாவமா?

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்து சேர நான்கு மணி நேரம் ஆகிறது. மீனம்பாக்கத்திலிருந்து பம்மலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கணக்குக்கு மட்டும் விடை சொல்ல எந்த அதிகாரியும் இல்லை, எந்த அட்டவணையும் இல்லை!

வங்கக் கடலைத் தாண்டி வந்தவர், வீட்டுத் தெருவுக்குப் போக வழியின்றி நிற்கிறார். முகிலைக் கிழித்து வந்தவர், முச்சந்தியைக் கடக்க முடியாமல் விழிக்கிறார். கடவுச் சீட்டில் முத்திரை விழுந்துவிட்டது. பெட்டி கைக்கு வந்துவிட்டது. சுங்கத்தாரும் சோதித்துப் பார்த்துச் 'சரி' என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் 'போகலாம்' என்கிறார்கள். ஏற்றிச் செல்லவேண்டிய வாடகைக் கார் மட்டும் 'போகாது' என்கிறது!

ஏன்? அவரிடம் பணம் இல்லையா? இருக்கிறது. அவர் ஊருக்குச் சாலை இல்லையா? இருக்கிறது. நிறுத்தத்தில் வண்டி இல்லையா? வரிசை வரிசையாக இருக்கிறது. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. அவருடைய வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது!

அண்ணாநகர் என்றால் கதவு திறக்கிறது. எண்ணூர் என்றால் பெட்டியைத் தூக்கி வைக்க ஓடி வருகிறார்கள். நங்கநல்லூர் என்றால் முகம் திரும்புகிறது. பல்லாவரம் என்றால் கண்ணாடி மேலே ஏறுகிறது. பொழிச்சலூர் என்றால் வண்டியே திரும்பிக்கொள்கிறது!

"எங்கேம்மா போகணும்?"

"பம்மல், தம்பி."

"லோக்கலா? வராதும்மா. வேற வண்டி பாருங்க."

நள்ளிரவு தாண்டிய நேரத்தில், விமான நிலைய வாசலில், நாள் தவறாமல் நடைபெறும் உரையாடல் இது. கைப்பேசிச் செயலியில் வண்டி அழைத்தாலும் இதே கதைதான்; கட்டங்கள் மட்டும் கொஞ்சம் கூடுதல். முதலில் 'வண்டி வருகிறது' என்று செய்தி. அடுத்து ஓட்டுநரின் தொலைபேசி: "எங்க சார் டிராப்? கேஷா, ஆன்லைனா?" பதில் சொன்னதும் ஓர் அமைதி. திரையில் வண்டிப் படம் அசையாமல் நிற்கும். பிறகு பயணம் ரத்து! அடுத்த வண்டி, அடுத்த கேள்வி, அடுத்த அமைதி, அடுத்த ரத்து!

இதற்கெல்லாம் ஒரு தலையங்கமா, விமானத்தில் பறக்கும் சீமான்களின் சிணுங்கலுக்கு நாம் ஏன் செவி சாய்க்கவேண்டும் என்று கேட்கக்கூடிய தோழர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: சீமானுக்கு இந்தத் தொல்லை இல்லவே இல்லை. அவருக்குச் சொந்த வண்டி வருகிறது. சீருடை அணிந்த ஓட்டுநர் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாடகைக் காருக்கு வரிசையில் நிற்பவர் யார்? வளைகுடாவில் வெயிலில் வெந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை பிள்ளை முகம் காணத் திரும்பும் தொழிலாளி. சிங்கப்பூரில் கட்டடத்துக்குச் சாரம் கட்டிவிட்டு, அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருகிற இளைஞர். மகளின் பிரசவத்துக்குத் துணையிருந்துவிட்டுத் தனியே திரும்பும் தாய். வடபுலத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த பட்டதாரி. விமானம் என்றோ மாளிகையை விட்டு இறங்கி மக்களிடம் வந்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானம் ஏறவேண்டும் என்று 2017 ஏப்ரலில் சிம்லாவில் 'உடான்' திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது பிரதமரே முழங்கினாரே! நன்று. ஏறவேண்டும் என்றார்கள், ஏறினோம். இறங்கிய பின்பு வீட்டுக்குப் போவது எப்படி? அதைப்பற்றி அந்த முழக்கத்தில் ஒரு வரியும் இல்லை!

விமான நிலையத்துக்கு அருகில் வாழ்கிறவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தறியோசையால் பெயர் பெற்ற அனகாபுத்தூர்; தோல் பதனிடும் தொழில் வளர்ந்த பம்மல், பல்லாவரம்; கல்லுடைத்த கைகள் வாழ்ந்த திரிசூலம்; அடையாற்றை ஒட்டிய பொழிச்சலூர், கவுல்பஜார்; நடுத்தரக் குடும்பங்கள் நெருங்கி வாழும் நங்கநல்லூர், பழவந்தாங்கல். உழைத்து வாழ்கிறவர்களின் ஊர்கள் இவை.

1932 ஆம் ஆண்டு, கராச்சியிலிருந்து கிளம்பிய டாட்டாவின் அஞ்சல் விமானம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் இந்த நகரின் வானில் விமானப் போக்குவரத்து வளர்ந்தபடியே இருக்கிறது. வளர்ந்த நிலையத்துக்கு நிலம் வேண்டியிருந்தது; சுற்றுப்புறத்து ஊர்கள் கொடுத்தன. இரண்டாவது ஓடுபாதையை நீட்டவேண்டியிருந்தது. அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டினார்கள். இரவும் பகலும் தலைக்குமேல் இடி முழங்குகிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை துடித்து விழிக்கிறது. சுற்றுப்புற மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சொந்த மனையில் மாடி எழுப்பவேண்டுமென்றால்கூட, உயரம் எவ்வளவு என்று கேட்டு விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று பெறவேண்டிய நிலை. ஆக, விமான நிலையத்தின் ஓசை அவர்களுக்கு உண்டு, தூசி உண்டு, கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் வந்து இறங்கினால் வீடு போய்ச் சேர வண்டி மட்டும் இல்லை! பந்தலுக்குக் கால் நட இடம் கொடுத்தவனைப் பந்திக்கு வராதே என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"ரயில் இருக்கிறதே! மெட்ரோ இருக்கிறதே! கூப்பிடு தூரத்துக்குக் கார் எதற்கு?" என்று கேட்கும் அறிவாளிகள் அடுத்து வருகிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 2016 செப்டம்பர் 21 அன்று மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கு வந்தது, வரவேற்றோம். கடற்கரை — தாம்பரம் மின்சார ரயில், எதிர்ப்புறத்துத் திரிசூலம் நிலையத்தில் நின்று போகிறது, அதுவும் நல்லதே. ஆனால் அந்த மெட்ரோ நகரத்துக்குள் போகிறது. பல்லாவரத்தின் பக்கம் தலைகாட்டுவதில்லை. பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் பொழிச்சலூருக்கும் ரயில் நிலையமே கிடையாது. அதையும் விடுங்கள். இரவு 11 மணி அளவில் மெட்ரோ உறங்கப் போய்விடுகிறது. நள்ளிரவையொட்டி மின்சார ரயிலும் ஓய்ந்துவிடுகிறது. வளைகுடா விமானங்களும் தென்கிழக்காசிய விமானங்களும் வந்து இறங்குவது எப்போது? பல நடுநிசியில், பல விடிவதற்கு முன்னே! இருபத்து மூன்று கிலோப் பெட்டி இரண்டு, தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு குழந்தை. இவற்றோடு நெடுஞ்சாலையைக் கடந்து நடந்து போ என்று எந்த மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்வான்? கூப்பிடு தூரம் என்கிறார்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் 'ஏன்' என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

சரி, யார் மீது குற்றம்? 'டாக்சிக்காரர்கள் கொள்ளைக்காரர்கள்' என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஏடுகளிலும் ஏசுகிறார்கள், ஏறிக்கொண்ட வண்டியிலும் ஏசுகிறார்கள். அந்த ஏச்சில் நாம் கலந்துகொள்ளப் போவதில்லை. உழைப்பவனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பது இந்த இயக்கம் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

ஓட்டுநரின் கணக்கு என்ன? வைத்துக்கொள்வோம்: இரவு பத்து மணிக்கு அவர் வரிசையில் வண்டியை நிறுத்துகிறார். அவருக்கு முன்னே நாற்பது வண்டிகள். ஒவ்வொன்றாக நகர்ந்து அவர் முறை வரும்போது மணி ஒன்று. மூன்று மணி நேரம்! அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் யாருமில்லை. வண்டிக் கடனுக்குத் தவணை அதுபாட்டுக்கு ஏறுகிறது. காப்பீடு, வரி, தகுதிச் சான்று, டயர், எண்ணெய் — எதுவும் அவர் வரிசையில் நிற்கிறார் என்பதற்காகத் தாமும் நின்று இரக்கம் காட்டுவதில்லை. முறை வந்துவிட்டது, கதவு திறக்கிறது, ஏறுகிறவர் 'பல்லாவரம்' என்கிறார். பத்து நிமிடச் சவாரி. கையில் கிடைப்பது நூற்றைம்பது என்று கொள்வோம். இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், மறுபடியும் நாற்பது வண்டிகளுக்குப் பின்னால்! மறுபடியும் மூன்று மணி நேரம்! பின்னால் நின்றவருக்கோ எண்ணூர்ச் சவாரி கிடைத்திருக்கிறது. ஒரே காத்திருப்பு; ஒருவருக்குக் கனி, ஒருவருக்குக் கல்!

இந்த நிலையில் அந்த ஓட்டுநர் 'வராதும்மா' என்று சொல்கிறார். சொல்வது சரியா? சரியன்று. நடுநிசியில் ஒரு தாயைத் தெருவில் நிறுத்துவது எந்த நியாயத்தாலும் சரியாகாது. ஆனால் அவரை அப்படிச் சொல்லவைத்தது எது? பேராசையா? மூன்று மணி நேரக் காத்திருப்பின் இழப்பு முழுவதையும் ஒரே ஓர் ஏழை ஓட்டுநரின் தலையில் சுமத்தும் வரிசை முறை! குறுந்தூரச் சவாரி என்பது யாரோ ஒருவர் சுமந்தே தீரவேண்டிய சுமை. அந்தச் சுமையைப் பங்கிட்டு வைக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் எவன் தலையில் விழுகிறதோ அவன் செத்தான் என்று விட்டுவிட்டால், தலையை விலக்கிக்கொள்ளத்தான் ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். ஓட்டுநர் விலக்கிக்கொண்ட சுமை, பயணியின் தலையில் விழுகிறது. உழைப்பாளியும் உழைப்பாளியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வரிசையை அமைத்தவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்!

யார் அவர்? அதைத் தேடிப் போனால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் போய் முட்டிக்கொள்கிறோம். விமான நிலையம் ஒன்றியத்தின் பட்டியலில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே உள்ள சாலைகள் மாநிலத்தின் பட்டியலில் வருகின்றன. அந்தச் சாலையில் ஓடும் மோட்டார் வண்டி இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. மூன்று பட்டியல்! மூன்றுக்கும் நடுவே, பெட்டியோடு நிற்கிறார் பயணி! உள்ளே கேட்டால் 'சாலைப் போக்குவரத்து எங்கள் வேலையல்ல' என்கிறார்கள். வெளியே கேட்டால் 'அது ஆணையத்தின் இடம்; எங்கள் அதிகாரம் செல்லாது' என்கிறார்கள். மாநில சுயாட்சி என்று நாம் பேசும்போதெல்லாம், அது பண்டிதர்களின் வாதம், பாமரனுக்கு அதனால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. 1969 இல் இராசமன்னார் குழுவை அமைத்தபோதும் கேட்டார்கள். 1974 இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியபோதும் கேட்டார்கள். அவர்கள் ஒருநாள் இரவு ஒரு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிப் பம்மலுக்கு வண்டி கேட்டுப் பார்க்கட்டும். பாமரனுக்கு அதனால் என்ன என்பது பளிச்சென்று விளங்கிவிடும்!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178 ஆம் பிரிவு, வாடகை வண்டி முறையின்றிப் பயணியை ஏற்ற மறுப்பது குற்றம் என்கிறது. தண்டம் எவ்வளவு? மூன்று சக்கர வண்டிக்கு 50 ரூபாய் வரை. மற்ற வண்டிக்கு 200 ரூபாய் வரை என்று இருந்ததை, 2019 இல் 500 வரை என்று உயர்த்தினார்கள். சரி, யாரிடம் முறையிடுவது? எந்த மேசையில்? எத்தனை மணி வரை? வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, புகார் எழுதி, விசாரணைக்கு அலைந்து, வளைகுடாத் தொழிலாளி தன் முப்பது நாள் விடுப்பை இதற்கே செலவிடுவதா?

செயலி நிறுவனங்களுக்கென்று 2025 சூலையில் ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதைப் படித்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். தக்க காரணமின்றிச் சவாரியை ரத்து செய்யும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு தண்டம். ஆனால் 100 ரூபாய்க்கு மேற்படாது என்பது அந்த நெறி. கணக்குப் போடுங்கள். 1,000 ரூபாய்ச் சவாரியை ரத்து செய்தால் தண்டம் 100. 150 ரூபாய்ச் சவாரியை ரத்து செய்தால் தண்டம் 15! ஆயிரம் ரூபாய்ச் சவாரியை எந்த ஓட்டுநர் ரத்து செய்யப் போகிறார்? மறுப்பு எங்கே மிகுதியோ அங்கே தண்டம் குறைவு. மறுப்பே இல்லாத இடத்தில் தண்டம் கூடுதல்! மழை பெய்யாத ஊருக்குக் குடை. வெள்ளம் வந்த ஊருக்கு விசிறி!

அதே நெறியில் இன்னொன்றும் உண்டு. ஆள் இல்லாமல் வெறும் வண்டியாக ஓடும் தூரத்துக்கு ஈடாக, அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்கவேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் விமான நிலையத்தில் ஓட்டுநரை வாட்டுவது எது? வெறுமனே ஓடிய தூரமா, வெறுமனே நின்ற நேரமா? ஓடிய தூரத்துக்குக் கணக்கு எழுதியவர்கள், நின்ற நேரத்துக்குக் கணக்கு எழுத மறந்துவிட்டார்கள். நோய் ஓரிடம், கட்டு வேறிடம்!

மாநில அரசையும் சும்மா விடுவதற்கில்லை. கோட்டையில் எவர் அமர்ந்திருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்வது நம் கடமை. ஆட்டோக் கட்டணத்தை, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013 ஆகஸ்டில் நிர்ணயம் செய்தார்கள். பத்தாண்டு கடந்தும் அந்தத் தொகை அப்படியே நின்றது. அரிசி விலை நிற்கவில்லை; எரிபொருள் விலை நிற்கவில்லை; பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை; கட்டண ஆணை மட்டும் நின்றது. நியாயமான கட்டணத்தைக் காலத்தில் நிர்ணயிக்காத அரசு, நியாயமற்ற பேரத்துக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. மீட்டர் மூலையில் உறங்கும்போது குறுந்தூரப் பயணியே முதல் பலியாகிறார்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழி நம் ஊரில், நம் கண்முன்னே, நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. டவுன் பஸ்ஸைப் பாருங்கள்! ஏறுகிற பயணியிடம் எந்த நடத்துநராவது, "அடுத்த நிறுத்தமா? வராது. கடைசி நிறுத்தம் போகிறவர் மட்டும் ஏறுங்கள்" என்று சொல்வதுண்டா? சொல்வதில்லை. ஒரு நிறுத்தம் போகிறவரும் ஏறுகிறார். ஊர்க்கோடிக்குப் போகிறவரும் ஏறுகிறார். 2021 முதல் மகளிர் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசே கொடுக்காமல் ஏறுகிறார்கள்! நடத்துநரும் மனிதர்தான், அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் அவருடைய சோறு, ஏறுகிறவர் எவ்வளவு தூரம் போகிறார் என்பதைப் பொறுத்ததன்று. நெடுந்தூரத்தின் வரவும் குறுந்தூரத்தின் வரவும் ஒரே பெட்டியில் விழுகின்றன. சம்பளம் அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. சுமை பொதுவாயிற்று, மறுப்பு மறைந்தது! 1972 இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபோது, பேருந்தை நாட்டுடைமை ஆக்குவதால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு விடை இதுதான். பண்பு ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாறுவதால் வருவதன்று; அமைப்பு மாறினால் வருவது.

மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவை 1973 இல் கலைஞர் ஒழித்தபோது, இழுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. "ஏன் இழுத்தாய்?" என்று தண்டம் போடவில்லை. அவர்கள் கையில் சைக்கிள் ரிக்ஷாவைக் கொடுத்தார். இழிவைப் போக்கும் வழி, இழிவில் சிக்கியவனுக்கு மாற்று வழி தருவதே என்பதைக் காட்டினார். அந்தப் பார்வை இங்கேயும் வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பதில் வெட்கமில்லை. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், பக்கத்து ஊருக்குச் சவாரி போகும் ஓட்டுநருக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். 'ஷார்ட்டி' என்பது அதற்கு ஓட்டுநர்கள் வைத்த செல்லப் பெயர். குறித்த நேரத்துக்குள் இறக்கிவிட்டுத் திரும்பினால், அவர் மீண்டும் நெடுவரிசையின் வாலில் போய் நிற்கவேண்டியதில்லை. ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்! காத்திருந்த நேரம் வீணாகவில்லை. 'வராது' என்று சொல்ல ஓட்டுநருக்குக் காரணமில்லை. ஆங்காங்கில் வண்டிகளுக்கே நிறம் பிரித்திருக்கிறார்கள். நகரத்துக்குப் போவது சிவப்பு. புதிய நிலப்பகுதிக்குப் பச்சை. விமான நிலையம் இருக்கும் லாந்தாவ் தீவுக்கு நீலம். நிறத்துக்கு ஒரு வரிசை. பக்கத்து ஊர்ப் பயணி, பக்கத்து ஊர் வண்டிகளின் வரிசைக்குப் போகிறார். சிங்கப்பூரில், விமான நிலையத்தில் ஏறும் சவாரிக்குத் தனியே ஒரு கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் அங்கே வந்து காத்திருப்பதற்கான ஈடு அது. மூன்று ஊர், மூன்று வழி. மூன்றும் ஒரே உண்மையை ஒப்புக்கொள்கின்றன: காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை ஒருவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

இங்கே அந்த விலையைக் கொடுக்கப் பணம் இல்லையா? 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையத்துக்கு 1,260 கோடி ரூபாய் செலவிட்டார்கள். தமிழர் கோலமும் சேலையும் கோயிலும் அதன் அலங்காரத்தில் இடம்பெற்றன, மகிழ்ச்சி. கோலம் போட்ட வாசலில் விருந்தினரை நிற்கவைத்துவிடலாமா? 2022 டிசம்பரில் அடுக்குமாடி வண்டி நிறுத்தகம் திறந்தார்கள். செயலி வண்டி ஏறும் இடம் அங்கே போயிற்று. பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வேலை பயணிக்கு வந்தது. வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலாகிறது. பயணச் சீட்டிலேயே 'பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம்' என்று பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணூர்க்காரர் கொடுக்கும் அதே தொகையைப் பம்மல்காரரும் கொடுக்கிறார். 'உமது வீடு அருகில்தானே, ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்ளும்' என்று யாரும் சொல்லவில்லை! வாங்கும்போது வேற்றுமை இல்லை; வழியனுப்பும்போது மட்டும் வேற்றுமையா?

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: பக்கத்து ஊர்ச் சவாரிக்குத் திரும்பு சீட்டு வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்குள் போய், உரிய நேரத்துக்குள் திரும்பும் வண்டிக்கு வரிசையின் முன்பகுதியில் இடம் தரவேண்டும்.

இரண்டு: குறுந்தூரப் பயணிகளுக்குத் தனி நிறுத்தம் வேண்டும். பக்கத்து ஊர்களைச் சேர்ந்த ஆட்டோக்களுக்கும் சிறு கார்களுக்கும் அங்கே இடமும் அரசு நிர்ணயித்த கட்டணமும் வேண்டும்.

மூன்று: பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், நங்கநல்லூர் ஆகிய ஊர்களுக்கு, முனைய வாசலிலிருந்து இரவு முழுவதும் சிற்றுந்து ஓடவேண்டும். பேருந்து நுழையாத சிற்றூர்களுக்கு 1997 இல் மினி பஸ் விட்டுக் காட்டிய மாநிலம் இது. தலைநகரின் வாசலுக்கு விட முடியாதா?

நான்கு: இதற்கு ஆகும் செலவைப் பயணியிடமிருந்து புதிதாகப் பறிக்கக்கூடாது, ஓட்டுநர் மீதும் ஏற்றக்கூடாது. வசூலிக்கும் கட்டணத்திலிருந்தே ஆணையம் கொடுக்கவேண்டும்.

ஐந்து: ஆணையம், மாநிலப் போக்குவரத்துத் துறை, காவல்துறை, ஓட்டுநர் சங்கங்கள் ஆகியோர் சேர்ந்து நடத்தும் ஒரே மேசை, இரவு பகல் எந்நேரமும் முனைய வாசலில் இருக்கவேண்டும். 'அது எங்கள் வேலையல்ல' என்ற சொல் அந்த மேசையில் ஒலிக்கக்கூடாது.

திரும்பு சீட்டைத் தவறாகப் பயன்படுத்துவார்களே, அம்பத்தூர் போய்விட்டு அனகாபுத்தூர் என்பார்களே என்று ஐயம் கிளப்புவோர் உண்டு. வெளியே போன நேரமும் உள்ளே வந்த நேரமும் வாயிலில் பதிவாகின்றன. அரை மணியில் அம்பத்தூர் போய்த் திரும்ப அந்த வண்டிக்குச் சிறகா முளைத்திருக்கிறது? வண்டி இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் காசு கேட்கும் கருவிக்கு, இந்தக் கணக்கு மட்டும் வராதா?

ஓட்டுநர் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் சுமையை நாம் அறிவோம், அதற்காகவே வாதாடுகிறோம். ஆனால் சுமை மாறும்வரை, நடுநிசியில் தனியே நிற்கும் தாயையும், கைக்குழந்தைக்காரியையும், முதியவரையும் 'வராது' என்று விடாதீர்கள். உங்கள் சங்கமே முன்வந்து, இன்றிரவு குறுந்தூரம் போகிறவர் இன்னார், திரும்பியதும் அவருக்கு முதல் இடம் என்று உங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொள்ளலாமே! அரசு செய்யத் தயங்குவதைத் தொழிலாளர் ஒற்றுமை செய்து காட்டிய வரலாறு இந்த மண்ணில் உண்டு. பயணிகளுக்கும் சொல்கிறோம்: கோபத்தை ஸ்டீயரிங் பிடித்தவர் மீது கொட்டிவிட்டு வீடு போய் உறங்கிவிடாதீர்கள். அந்தக் கோபத்தை மடலாக எழுதி ஆணையத்துக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வியாக்கித் தாருங்கள்.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று நமக்குச் சொல்லித் தந்தவர் அண்ணா. அவர் பெயரைத் தாங்கிய முனையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. ஓட்டுநருக்குக் கடமை உண்டு. பயணிக்குக் கண்ணியம் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒழுங்கான கட்டுப்பாட்டை அமைக்கவேண்டிய பொறுப்பு ஆள்வோருக்கு உண்டு. மூன்றாவது இல்லாததால் முதலிரண்டும் நடுத்தெருவில் மோதிக்கொள்கின்றன.

தொலைதூரத்து நாட்டை நான்கு மணி நேரத் தொலைவுக்குக் கொண்டுவந்தது அறிவியல். பக்கத்து ஊரைத் தொலைதூரமாக்கி வைத்திருப்பது நிர்வாகம். பக்கத்தில் இருப்பது பாவமன்று. பக்கத்தில் இருப்பவரைப் பாராதிருப்பதே பாவம். அந்தப் பாவத்தைக் கழுவ வானத்திலிருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை. ஒரு துண்டுச் சீட்டும், ஒரு சிற்றுந்தும், ஒரு மேசையும் போதும். இவற்றைக்கூடத் தர மனமில்லையென்றால், ஏன் இல்லை என்று மக்கள் கேட்பார்கள். கேட்கும் மக்களோடு நாம் நிற்போம்!